“உள்ளூர் ஆட்களுக்கே வேலை” என்றால் எந்த வேலை என்று கேளுங்கள்

கேள்வி இது: மேலூர் பக்கம் எங்கள் ஊருக்கு அருகே 2012-க்குப் பிறகு மூடிக் கிடக்கும் கிரானைட் குவாரியைத் திறக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. வந்து போகிறவர்கள், “எண்பது சதவீதம் உள்ளூர் ஆட்களுக்குத்தான் வேலை, பயிற்சியும் நாங்களே கொடுப்போம்” என்கிறார்கள். இதை நம்பலாமா? ஊர்க்காரர்கள் என்ன கேட்க வேண்டும்? என் அப்பா பழைய குவாரியில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர். நான் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன்.

தம்பி, அந்த எண்பது சதவீதத்தைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நான் மேலூர் வட்டாரக் குவாரிகளில் பதினான்கு வருடம் இருந்தவன். முதலில் மேட், அதாவது ஒரு வரிசை ஆட்களுக்கும் அவர்கள் பாதுகாப்புக்கும் பொறுப்பானவர், பிறகு ஃபோர்மேன். அதன்பின் இன்றுவரை சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. நாங்கள் வேலை பார்த்த குவாரிகளிலும் தலையை எண்ணினால் எண்பது சதவீதம் உள்ளூர் ஆட்கள்தான் இருந்தார்கள். கல் ஒதுக்குகிறவர், ஜாக்ஹேமர் பிடிக்கிறவர், ஹெல்பர், வாட்ச்மேன், சமையல்காரர், தண்ணீர் தூக்குகிற அம்மா, எல்லாரும் சுற்றுவட்டாரத்து ஆட்கள். ஹிட்டாச்சி ஓட்டுகிறவர், கிரேன் ஆபரேட்டர், வயர்சா (வைரக் கம்பியால் பாறையை அறுக்கும் இயந்திரம்) ஆபரேட்டர், மெக்கானிக், சர்வேயர், பிளாஸ்டர் (வெடி வைப்பவர்), மேனேஜர் என்று எடுத்தால் அநேகமாக வெளியூர், பாதிப் பேர் வெளிமாநிலம். தலைக்கணக்கு சரியாக இருந்தது. சம்பளக் கணக்கைப் போட்டால் ஊருக்கு வந்தது கொஞ்சம்தான்.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியது “எத்தனை பேர்” அல்ல. “எந்தெந்த வேலையில் எத்தனை பேர், எந்த வருடத்துக்குள்?” இந்த ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு பெரியவர். நான் மேட்டாகச் சேர்ந்த புதிதில் அவருக்கு ஐம்பது வயது இருக்கும். பாறை மேல் சின்னச் சுத்தியலால் நாலு இடத்தில் தட்டுவார், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து மறுபடி தட்டுவார். “இந்தப் பக்கம் கேக்காது தம்பி, கிழக்கால போடு” என்பார். கல் எந்தப் பக்கம் நேராகப் பிளக்கும், எந்தப் பக்கம் கோணிக்கொண்டு போகும் என்பது அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரியும். கிழக்கே வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு இறக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே அளவாகத் தட்டிக்கொண்டே போவார். மூன்றாவது சுற்றிலோ நாலாவது சுற்றிலோ உள்ளேயிருந்து மெல்லிய சத்தம் ஒன்று வரும். உடனே கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் கல் தானாக விட்டுக்கொடுக்கும். முகம் கத்தியால் வெட்டின மாதிரி இருக்கும். வேஸ்ட் கிடையாது.

அந்த மனிதர் கடைசி வரைக்கும் ஹெல்பர் கூலிதான் வாங்கினார். டைமண்ட் வயர் இயந்திரம் வந்தபோது இரண்டு பேரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், இரண்டு பேரும் வெளியூர்ப் பையன்கள். மேட் பதவிக்கு இவரைப் போடலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். மேட்டாக இருக்கச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் தேர்வு எழுத சுரங்கத்தில் வேலை பார்த்த அனுபவத்தைக் காட்ட வேண்டும். அவருக்கு இருபது வருட அனுபவம் இருந்தது, ஆனால் காகிதத்தில் ஒரு நாள்கூட இல்லை. காண்ட்ராக்டர் ஆள் என்று அவர் பெயர் பணியாளர் பதிவேட்டில் ஏறவே இல்லை. அந்தப் பதிவேட்டில் தினமும் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். காண்ட்ராக்டர் கொடுத்த பட்டியலை அப்படியே எழுதிவிட்டுப் போனேன். இன்று பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு ஆளிடமும் நான் முதலில் கேட்பது, “உன் பேர் பதிவேட்டில் இருக்கா?” என்பதுதான்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். குவாரி என்று நாம் சொல்வதும் சட்டப்படி சுரங்கம்தான். 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும், 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளும், 1966-ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளும்தான் இத்தனை காலம் இந்த வேலையை நடத்தி வந்தன. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, சுரங்கச் சட்டம் அதற்குள் அடங்கிவிட்டது. அதில் நமக்கு உடனே பயன்படுகிற ஒன்று உண்டு. வேலைக்கு எடுக்கிற ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். காண்ட்ராக்ட் ஆள் என்று சொல்லி வாய்ச்சொல்லில் வேலை வாங்குவதை ஊர் இனி ஏற்றுக்கொள்ளக் கூடாது. அந்தக் கடிதம்தான் பிற்பாடு அனுபவச் சான்றாகும், விபத்து நடந்தால் நஷ்டஈட்டுக்கு ஆதாரமாகும், பி.எஃப். கேட்கவும் அதுதான் பிடிமானம்.

உள்ளூர் ஆட்களுக்கு இத்தனை சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும் என்று தனியார் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. ஹரியானாவில் மாதம் 30,000 ரூபாய் வரை சம்பளமுள்ள தனியார் வேலைகளில் 75 சதவீதம் அந்த மாநிலத்தாருக்கு என்று சட்டம் போட்டார்கள். பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று ரத்து செய்துவிட்டது. ஆகவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம். எழுதி வாங்குகிற ஒப்பந்தம்தான் வழி. யார் யாரோடு எழுதுகிறார்கள், எப்போது எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கனடாவின் லாப்ரடோர் பகுதியில் வாய்சிஸ் பே என்ற நிக்கல் சுரங்கம் இருக்கிறது. அங்கே இன்னு, இன்யூட் என்ற இரண்டு பழங்குடி மக்கள். தங்கள் மண்ணில் சுரங்கம் தோண்ட வந்த கம்பெனியோடு அந்த மக்களின் அமைப்புகளே நேரடியாக 2002-இல் ஒப்பந்தம் போட்டன. வேலை, பயிற்சி, ஊர்க்காரர்களின் தொழில்களுக்குக் காண்ட்ராக்ட் எல்லாம் அதில் அடக்கம். அடுத்த வருடமே வேலைவாய்ப்புக்கும் பயிற்சிக்கும் கூட்டாக ஒரு தனி அமைப்பு தொடங்கினார்கள். தாது வெளியே வர ஆரம்பித்தது 2005-இல். இந்த வருடங்களைக் கவனியுங்கள். முதல் லாரி கிளம்புவதற்கு முன்பே ஆட்களைத் தயார் செய்யும் வேலை தொடங்கிவிட்டது. நம்மிடம் நடப்பது தலைகீழ். குவாரி திறந்து, இயந்திரம் வந்து, ஆபரேட்டரும் வெளியிலிருந்து வந்து இறங்கிய பிறகு “பயிற்சி பெற்ற ஆள் உள்ளூரில் இல்லையே” என்று கையை விரிப்பார்கள். அந்த நேரத்தில் அது உண்மையாகத்தான் இருக்கும். ஹிட்டாச்சியையோ கிரேனையோ நம்பி ஒப்படைக்கிற அளவுக்கு ஒருவரைத் தயார் செய்யப் பல மாதங்கள் பிடிக்கும். குத்தகை கையெழுத்தான அன்றைக்கே அந்த மாதங்களை எண்ண ஆரம்பிக்க வேண்டும்.

நம் நாட்டிலேயே நெய்வேலியைப் பாருங்கள். பழுப்பு நிலக்கரிக்கு நிலம் கொடுத்த குடும்பங்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் நிரந்தர வேலை கேட்டுப் பல பத்தாண்டுகளாகப் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். அரசு நிறுவனத்திலேயே அந்தப் பாடு என்றால், தனியார் குத்தகைக்காரரின் வாய் வாக்குறுதிக்கு எவ்வளவு மதிப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வேலைவாய்ப்பைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவதால், குவாரி வந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்கக் கூடாது. மேலூர்க்காரரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. காஷ்மீர் ஒயிட், கொழும்பு ஜுபரானா என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய கல் நம் மண்ணின் கல். பிளாக் பிளாக்காகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போனது. அந்தக் காலத்தில் கண்மாயும் வாய்க்காலும் கழிவுக் கல்லால் மேடாகின. 2012-இல் மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் முறைகேடான கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று சொன்னார். 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராகப் போட்டது. அந்தப் பள்ளங்களில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. பிறகு 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலம் வந்தது. அந்த ஏலப் பகுதிக்குள் வந்த அரிட்டாபட்டி 2022-லேயே தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஊர் ஊராக எழுந்தார்கள். டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குச் சனம் நடந்தே போனது, அதே மாதம் 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அப்போதும் “வேலை வருமே” என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கண்மாய்ப் பாசனத்தில் ஒரு போகம் விளைந்தாலும் நாற்று நடுவதில் தொடங்கி வைக்கோல் வாங்குவது வரை எத்தனை பேருக்கு வேலை என்று அந்த மக்கள் கணக்கு வைத்திருந்தார்கள். வேலை தருகிறோம் என்ற வார்த்தையைக் காட்டிச் சம்மதம் வாங்க வந்தால், அது இரண்டு தனித்தனிப் பேச்சு என்று பிரித்துவிடுங்கள். குவாரி வேண்டுமா என்பதை ஊர் முதலில் தீர்மானிக்கட்டும். வரட்டும் என்று முடிவானால், அல்லது ஊரைக் கேட்காமலே வந்துவிட்டால், அதன் பிறகுதான் நான் சொல்கிற வேலைப் பேச்சு.

சரி, பயிற்சி. “பயிற்சி கொடுப்போம்” என்ற சொல்லை நான் பார்த்த அளவில் மூன்று விதமாகப் பயன்படுத்துகிறார்கள், மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

ஒன்று, வேலைக்குச் சேரும் எவருக்கும் சட்டப்படி கொடுத்தே தீர வேண்டிய அடிப்படைப் பயிற்சி. சின்னக் குவாரிகள் பல சேர்ந்து ஒரே மையத்தில் இதை நடத்துவது வழக்கம். பாதுகாப்பு, முதலுதவி, இயந்திரத்தின் அருகில் எப்படி நிற்பது, வெடிக்கு முன் எங்கே ஒதுங்குவது என்றெல்லாம் இருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபயிற்சியும் உண்டு. இதைக் கம்பெனி ஊருக்குச் செய்கிற உபகாரமாகச் சொன்னால் நம்பாதீர்கள். அது அவர்கள் கடமை. இதைக் கொடுத்துவிட்டுத்தான் பல இடங்களில் “நூறு பேருக்குத் திறன் பயிற்சி அளித்தோம்” என்று போட்டோ எடுத்துப் போடுகிறார்கள்.

இரண்டு, சட்டச் சான்றிதழ். மேட், பிளாஸ்டர், ஃபோர்மேன், மேனேஜர் ஆகியவற்றுக்கு சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம், அதாவது தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட டி.ஜி.எம்.எஸ்., தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. இந்தச் சான்றிதழ் இல்லாமல் குவாரி நடத்த முடியாது. இது இந்த ஒரு குவாரியோடு முடிகிற காகிதமும் அல்ல, வேறு மாவட்டத்துக்கோ வேறு மாநிலத்துக்கோ போனாலும் செல்லும். உள்ளூர்ப் பையன் ஒருவன் மேட்டாக இருந்தால் ஒரு வரிசை ஆட்களின் உயிர் அவன் பொறுப்பில் இருக்கிறது. தளர்ந்த பாறைக்குக் கீழே யாரையும் நிற்க விடாமல் அதிகாரத்தோடு தடுக்க அவனால் முடியும், அவர்கள் அவன் மாமனும் சித்தப்பாவும். குவாரியில் ஊர்க்காரர் ஒருவர் மேட்டாக இருப்பதற்கும் ஐம்பது பேர் ஹெல்பராக இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் ஊர் கேட்க வேண்டிய முதல் இடம் இதுதான். இரண்டு வருடத்துக்குள் இத்தனை மேட், இத்தனை பிளாஸ்டர் இந்த ஊராட்சியிலிருந்து வர வேண்டும், அதற்கான அனுபவ நாட்களைக் கம்பெனி பதிவேட்டில் ஏற்றி, மேனேஜர் கையெழுத்தோடு சான்று கொடுக்க வேண்டும், தேர்வுக் கட்டணமும் போக்குவரத்தும் அவர்கள் செலவு. எழுதப் படிக்கத் தடுமாறுகிற நல்ல கைக்காரர்களுக்கு மாலை நேரத்தில் வகுப்பு வைத்துத் தேர்வுக்குத் தயார் செய்யுங்கள் என்றும் கேளுங்கள். அந்தப் பெரியவருக்கு ஆறு மாதம் யாராவது மாலையில் எழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் போதும், அவர் மேட்டாகியிருப்பார்.

மூன்றாவதுதான் இயந்திரம். உங்கள் டிப்ளமோவுக்கு நெருக்கமானதும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வயர்சா எப்படி வேலை செய்கிறது என்று பார்த்திருப்பீர்கள். மேலிருந்து ஒரு துளை, பக்கவாட்டில் ஒரு துளை, இரண்டும் பாறைக்குள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். அரை அடி விலகினாலும் ஒரு நாள் வேலை போச்சு. வைர மணிகள் கோத்த கம்பியை அதற்குள் விட்டு, இரண்டு முனையையும் இணைத்து, தண்டவாளத்தில் நிற்கிற இயந்திரத்தில் மாட்டுவார்கள். சக்கரம் சுற்றச் சுற்றக் கம்பி பாறையை அறுக்கும், இயந்திரம் தண்டவாளத்தில் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். தண்ணீர் நிற்காமல் ஊற்ற வேண்டும். கம்பி சூடாகாமல் இருக்கவும், தூசி பறக்காமல் இருக்கவும் அதுதான். அறுக்கும் சத்தம் கொஞ்சம் மாறினாலே கம்பி எங்கோ கடிக்கிறது என்று அர்த்தம். பழகினவன் உடனே இழுவையைக் குறைப்பான். பழகாதவன் கூட்டுவான். கம்பி அறுந்தால் அந்த மணிகள் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். ஆகவே கம்பி ஓடுகிற நேர்கோட்டில் முன்னாலோ பின்னாலோ ஒருவரும் நிற்கக் கூடாது, தடுப்பு இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றுவதற்கு நிறுத்தப்படுகிற ஹெல்பர் பையன் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் நிற்பான், ஏனென்றால் அங்கிருந்து ஊற்றுவது சுலபம். அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் வகுப்பில் ஒரு கயிற்றைத் தரையில் வளையமாகப் போட்டு, ஒவ்வொருவரையும் எங்கே நிற்பாய் என்று கேட்டு நிற்க வைக்கிறேன். பத்தில் ஏழு பேர் தப்பான இடத்தில்தான் நிற்கிறார்கள். குவாரியில் பத்து வருடம் இருந்தவர்களும் அதில் உண்டு.

இந்த வேலைகளுக்குத் தேசிய அளவில் சுரங்கத் துறைத் திறன் கவுன்சில் பாடத்திட்டம் வகுத்திருக்கிறது. எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டர், டம்பர் ஆபரேட்டர், சுரங்க எலக்ட்ரீசியன் என்று ஒவ்வொன்றுக்கும் தேர்வும் சான்றிதழும் உண்டு. ஏற்கெனவே கைப்பழக்கத்தில் வேலை தெரிந்தவர்களைச் சோதித்துப் பார்த்து, குறுகிய காலத்தில் சான்றிதழ் கொடுக்கிற முன்கற்றல் அங்கீகாரம் என்ற முறையும் இருக்கிறது. உங்கள் ஊரில் நாற்பது வயது தாண்டிய பழைய குவாரி ஆட்கள் எத்தனை பேர் இருப்பார்கள், யோசியுங்கள். அவர்களுக்கு முதலில் கேட்க வேண்டியது இதுதான். இளைஞர்களுக்கு மதுரை கே.புதூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீசியன், டீசல் மெக்கானிக் மாதிரி எந்த டிரேடு படித்தாலும் குவாரிக்கு ஆகும். குவாரி மூடினாலும் அவர்கள் கை சும்மா இருக்காது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி கம்பெனியில் பழகுநராகச் சேர்ந்து உதவித்தொகையோடு கற்றுக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் படிப்பு, குவாரியில் பழகுதல் என்று இரண்டையும் கட்டிப் போட்டு ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கம்பெனி வாசலில் ஷெட் போட்டு நடத்துகிற மூன்று மாதப் பயிற்சியை நான் பெரிதாக மதிப்பதில்லை. அங்கே கொடுக்கிற காகிதம் அந்த கேட்டைத் தாண்டினால் செல்லாது.

பயிற்சி நாட்களுக்குக் கூலி உண்டா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நூறு நாள் வேலைக்கும் கொத்து வேலைக்கும் போகிற வீட்டுப் பையன் மூன்று மாதம் சம்பளமில்லாமல் உட்கார முடியாது. கூலி இல்லாத பயிற்சிக்கு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் வருவார்கள். நான் நடத்திய முதல் பேட்ச் அப்படித்தான் ஆனது. இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள், தீபாவளி தாண்டியபோது ஒன்பது பேர் மிஞ்சினார்கள். போனவர்கள் எல்லாம் காலனிப் பையன்கள், கற்றுக்கொள்ள ஆசையில்லாமல் போகவில்லை.

“உள்ளூர்” என்றால் யார் என்பதையும் எழுதிவிட வேண்டும். மாவட்டம் என்று எழுதினால் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் ஆள் வந்தாலும் கணக்கு சரியாகிவிடும், தூசியும் வெடிச்சத்தமும் உங்கள் ஊருக்கு. முதலில் குத்தகை நிலத்தை ஒட்டிய குக்கிராமங்கள், அடுத்து ஊராட்சி, அடுத்துப் பக்கத்து ஊராட்சிகள் என்று படிப்படியாக வையுங்கள். நிலம் கொடுத்தவருக்கு முன்னுரிமை என்று மட்டும் எழுதினால் நிலமே இல்லாதவர் விடுபட்டுப் போவார். அந்த நிலத்தில் குத்தகைக்கு உழுதவர், ஆடு மேய்த்தவர், களை எடுத்தவர் எல்லாரும் பிழைப்பை இழக்கிறவர்கள்தான். பெயர்ப் பட்டியலை யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் எழுதக் கூடாது. கிராம சபையில் வாசித்து ஒப்புதல் வாங்கி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.

பெண்களைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், நீங்கள் பேசுங்கள். 2019-இல் வந்த அறிவிப்புக்குப் பிறகு, சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் இருந்தால் திறந்தவெளிச் சுரங்கத்தில் பெண்கள் இரவு ஷிப்டிலும் வேலை பார்க்கலாம். சர்வே, எடைமேடை, நடைச்சீட்டுப் பதிவு, கிரேன் இயக்குவது, ஸ்லாப் தரம் பார்ப்பது எல்லாம் அவர்களால் செய்யக்கூடியவை. இன்றைக்குக் குவாரியில் அவர்கள் கையில் இருப்பது தண்ணீர்க் குடமும் துடைப்பமும்தான்.

பயிற்சிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், கம்பெனி மட்டுமே வழி அல்ல. 2015-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது மாவட்டக் கனிம அறக்கட்டளை என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். குத்தகைக்காரர் அரசுக்குக் கட்டுகிற ராயல்டிக்கு மேல் ஒரு பங்கை அதில் கட்ட வேண்டும், சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு அதைச் செலவழிக்க வேண்டும். தலைவர் மாவட்ட ஆட்சியர். தமிழ்நாட்டில் இதற்கு 2017-இல் விதிகள் வந்தன, கிரானைட் போன்ற சிறுகனிமக் குத்தகைக்காரர்களும் கட்ட வேண்டும். அந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்ற மத்திய வழிகாட்டுதலில் குடிநீர், சுகாதாரம், கல்வியோடு திறன் மேம்பாடும் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. 2024-இல் திருத்திய வழிகாட்டுதல்படி நிதியில் குறைந்தது 70 சதவீதம் அந்த முன்னுரிமைப் பட்டியலுக்கே போக வேண்டும். நடைமுறையில் ரோடும் கட்டடமும்தான் முதலில் நிற்கும், ஏனென்றால் ஊர் அதைத்தான் கேட்கிறது. “எங்கள் ஊராட்சியைச் சேர்ந்த இத்தனை பேருக்கு ஐ.டி.ஐ. கட்டணம், ஹெவி லைசென்ஸ் செலவு, ஆபரேட்டர் பயிற்சி” என்று பெயரும் எண்ணிக்கையும் போட்டுக் கிராம சபைத் தீர்மானமாக அனுப்பினால் அதைத் தள்ளிவைப்பது கஷ்டம். அறக்கட்டளையில் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு வைத்துக்கொண்டு பேசுங்கள், பேச்சுக்கு எடை கூடும்.

இன்னொரு இடம், சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கையின்படி நடப்பது. பெரும்பாலும் அங்கே கூச்சலும் கைகலப்புமாக முடிந்துவிடுகிறது, அல்லது வேன் வைத்துக் கூட்டி வந்த ஆட்கள் “குவாரி வேண்டும்” என்று சொல்லிவிட்டுப் பிரியாணியோடு போய்விடுகிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் சொல்லப்படுகிற ஒவ்வொன்றும் குறிப்பேட்டில் ஏறுகிறது. கம்பெனி அங்கே கொடுக்கிற வாக்குறுதிகள் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்துக்குள் போக வேண்டும் என்பது 2020-இல் மத்திய அமைச்சகம் போட்ட உத்தரவு. ஆகவே எண்பது சதவீதம் என்று உங்களிடம் திண்ணையில் சொன்னவரை அந்த மேடையில், அதிகாரிகள் முன்னால், எந்தெந்த வேலை என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தாகவும் ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பெரியவர் கடைசி நாலு வருடம் இருமலோடுதான் இருந்தார். காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள், முடித்தார், மறுபடி இருமினார், மறுபடி கொடுத்தார்கள். அவர் முப்பது வருடம் கல் தூசியில் நின்றவர் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கிரானைட் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிட்டால் அதைத் திரும்பச் சரிசெய்ய மருந்து கிடையாது. சிலிகோசிஸ் என்று பெயர். சட்டப்படி தொழில்சார் நோயாக அறிவிக்கப்பட்டது, நஷ்டஈடு கேட்க உரிமை உண்டு. வேலையில் சேரும்போதும் பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் மார்பு எக்ஸ்ரேயோடு பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. அந்த முதல் எக்ஸ்ரே உங்கள் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும். வறட்டுத் துளை போடாமல் தண்ணீர் விட்டுத் துளைக்கிற கருவி இருக்கிறதா என்று குவாரிக்குள் போய் ஒருநாள் பார்த்தாலே அந்தக் கம்பெனி எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஜாக்ஹேமர் பிடிக்கிற ஆளை அங்கே பார்த்தீர்கள் என்றால், எந்த வாக்குறுதியையும் அதற்கு மேல் கேட்க வேண்டாம்.

கல் தீரும் நாளையும் இன்றைக்கே பேசுங்கள். 2012-இல் ஒரே மாதத்தில் வேலை நின்றபோது என்னோடு இருந்த பையன்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் சிதறினார்கள். லைசென்ஸ் வைத்திருந்த ஹிட்டாச்சிக்காரன் ஒரு வாரத்தில் ரோடு வேலைக்குப் போய்விட்டான். பதினைந்து வருடம் ஜாக்ஹேமர் பிடித்தவன் நாற்பத்தைந்து வயதில் பனியன் கம்பெனியில் டேமேஜ் பிரிக்க உட்கார்ந்தான். பிளாக்காக ஏற்றுமதி செய்யாமல் இங்கேயே அறுத்து, பாலிஷ் போட்டு, ஸ்லாப்பாக அனுப்பினால் ஒரே கல்லில் இன்னும் பல கைகளுக்கு வேலை இருக்கிறது, அந்த ஆலைக்கு வெளியூர்க் கல் வந்தாலும் ஓடும். ஒப்பந்தப் பேச்சில் இதையும் ஒரு வரியாக வையுங்கள். கம்பெனிக்குக் கசக்கும், ஆனாலும் வையுங்கள்.

உங்களுக்குத் தனியாக: டிப்ளமோ மெக்கானிக்கல் என்றால் இயந்திரப் பராமரிப்பில் நேராகச் சேரலாம். சூப்பர்வைசர் என்று பெயர் மட்டும் கொடுத்து ஆள் மேய்க்கச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹைட்ராலிக்ஸ், கம்ப்ரசர், வயர்சா மூன்றிலும் கையை அழுக்காக்குங்கள். ஃபோர்மேன் தேர்வுக்கு என்ன தகுதி, எத்தனை வருட அனுபவம் என்று டி.ஜி.எம்.எஸ். அறிவிப்பைப் பார்த்து, சேர்ந்த முதல் நாளிலிருந்து அனுபவத்தைக் கணக்கில் ஏற்ற வையுங்கள்.

கடைசியாக உங்கள் அப்பா. பதினொரு வருடம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். இன்று சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து, எந்த வருடம் எந்தக் குவாரி, யார் மேட், என்ன வேலை, கூலிச் சீட்டு, பி.எஃப். நம்பர், பழைய அடையாள அட்டை ஏதாவது டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கூட வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கும் போங்கள். முன்கற்றல் சான்றிதழுக்கும், நாளைக்கு நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏதாவது தெரிந்தால் அதற்கும், இந்த நோட்டுதான் முதல் ஆதாரம். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது அதில் நாற்பது பெயராவது இருக்கட்டும்.